அணை பத்தரைக்கு உடையும்

மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். கசியாத மண் அணையைப் பார்த்ததாக யாராவது சொன்னால், அவர் அணையையே பார்த்ததில்லை என்று அர்த்தம். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை கவலையில்லை. கலங்கலாக வர ஆரம்பித்தால், உள்ளே மண் கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். இது எலுமிச்சைத் தோட்டத்துக்காரருக்குத் தெரியும். அவர் தங்கைக்குத் தெரியும். தங்கை வளர்த்த முந்நூறு கோழிகளுக்கும் அநேகமாகத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்தது சிற்றணைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மட்டும்தான். அதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்களுக்கு வேலை அதிகம்.

அணை தோட்டத்துக்காரரின் சொந்த அணை. மூன்று ஆள் உயரம், நூற்றிருபது தப்படி நீளம். ஓர் ஓடையை மறித்துத் தன் நிலத்திலேயே கட்டியது. கரைக்கு மேலே ஒரு வண்டி போகலாம். அடியில் ஒரு மதகு, ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழிய ஒரு கலிங்கு, அவ்வளவுதான். கீழே, கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தங்கையின் வீடும் கோழிக் கொட்டகையும் இருந்தன. மச்சான் லாரி ஓட்டுபவர். வாரத்தில் ஐந்து நாள் வெளியூர்தான்.

தினமும் காலையில் அணையின் காலடியில் கசிகிற தண்ணீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து வந்து சமையலறை ஜன்னலில் வைப்பார் தோட்டத்துக்காரர். மத்தியானம் பார்த்தால் அடியில் ஒன்றும் தங்கியிருக்காது. பல வருஷப் பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்தபோது சீசாவின் அடியில் ஒரு விரற்கடைக்குச் சேறு படிந்திருந்தது. சீசாவோடு நேரே தங்கை வீட்டுக்கு இறங்கினார்.

அப்போதே மதகைத் திறந்து தண்ணீரை இறக்கியிருக்கலாம். தங்கையும் அதைத்தான் சொன்னாள்.

"திறந்து விட்டுத் தொலையேன் அண்ணா. யாரைக் கேக்கணும்?"

"பதிவு பண்ணின அணைம்மா. சொல்லாம கொள்ளாம திறந்தா நாளைக்கு ஒரு கேள்வி வரும்."

"கேள்வி வந்தா பதில் சொல்லலாம். வெள்ளம் வந்தா அதுகிட்ட என்ன சொல்றது?"

ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்கிற கெட்ட பழக்கம் தோட்டத்துக்காரருக்கு உண்டு. சீசாவைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

பிரிவு எழுத்தர் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். குலுக்கியதில் சேறெல்லாம் கலந்துவிட்டது.

"இது என்ன?"

"எங்க அணையில கசியிற தண்ணி சார். கலங்கலா வருது."

"பரிசோதனைக்குன்னா மூணு லிட்டர் வேணும். புகார்னா தண்ணியே வேணாம், படிவம் போதும்."

படிவத்தில் 'அணையின் நிலை' என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று 'உடைந்தது', மற்றொன்று 'உடையாதது'. தோட்டத்துக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"உடையிற மாதிரி இருக்குன்னு ஒரு கட்டம் இல்லையா சார்?"

"அது ஜோசியம். நம்ம துறையில வராது."

'உடையாதது' கட்டத்தில் குறி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் ஒரு ஜீப் வந்தது. இரண்டு பேர் இறங்கி, விறுவிறுவென்று போய், மதகின் திருகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, அரக்கு முத்திரையும் வைத்தார்கள். தோட்டத்துக்காரர் பின்னாலேயே ஓடினார்.

"சார், தண்ணிய இறக்கணும்னுதானே நான் எழுதிக் கொடுத்தேன்?"

"அதனாலதான் சார் பூட்டறோம். நீங்க புகார் கொடுத்தன்னிக்கு அணை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். தண்ணி இறங்கிட்டா எதை வச்சு விசாரிக்கிறது?"

இதற்கு 'நிலைமை மாறாமல் காத்தல்' என்று பெயர். அணைக்கு இந்த விதியை யாரும் படித்துக் காட்டவில்லை. அது தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது. கரை முட்டத் தண்ணீர் நிற்க, மதகு மூடிக் கிடந்ததால் எலுமிச்சை மரங்கள் காய்ந்தன. கசிவு மட்டும் ஒழுங்காக வந்தது. சீசாவில் இப்போது இரண்டு விரற்கடைச் சேறு.

தோட்டத்துக்காரர் பெரிய இன்ஜினியரைப் பார்க்கப் போனார். பெரிய இன்ஜினியர் நல்ல மனிதர். எதிரில் உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது.

"பழுது பாக்க அனுமதி வேணும், அதானே? தாராளமா தரலாம். ஆனா அவசரகாலத் திட்டம் இல்லாத அணையில நாங்க கை வைக்க விடறதில்ல. பழுது பாக்கும்போதே உடைஞ்சு போச்சுன்னா? யாரு யாருக்கு ஃபோன் பண்ணுவாங்க? சொல்லுங்க."

"நான் கரையில நின்னு என் தங்கச்சியைக் கூப்பிடுவேன் சார். கேட்கும்."

பெரிய இன்ஜினியர் பரிதாபமாகச் சிரித்தார். "அது வதந்தி. முறையான தகவல்னா அதுக்கு ஒரு வழி இருக்கு."

அந்த வழி எண்பத்து நான்கு பக்கம் இருந்தது. தோட்டத்துக்காரர் ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினார். அதில் அறுபத்தோராம் பக்கம் முக்கியமானது. அதன்படி அணை உடைவதை உரிமையாளர் முதலில் அன்று பணியில் இருக்கும் முறை அலுவலருக்குத் தெரிவிப்பார். அவர் உதவிப் பொறியாளருக்கு, அவர் பிரிவு எழுத்தருக்கு, அவர் பதிவேட்டில் எழுதிவிட்டுத் துணைப் பொறியாளருக்கு என்று பதினோரு கை மாறி, பன்னிரண்டாவதாகத் தங்கைக்குச் சேரும். பெரிய இன்ஜினியர் இதைப் படித்துவிட்டு மனம் நெகிழ்ந்தார். "இதுதான் சார் பாதுகாப்பு. இனிமே ஒரே ஒரு ஒத்திகை பாக்கி. ஒத்திகையில எழுபது மார்க் வாங்கிட்டா மறுநாளே அனுமதி."

ஒத்திகைக்கு வியாழக்கிழமை காலை பத்தரை மணி குறித்தார்கள். அந்த நேரத்தில் அணை உடையும்.

புதன்கிழமை ஒரு மேடம் வந்து தங்கையின் வீட்டு முற்றத்தை அளந்தார். மதிப்பெண் போடுவது இவர் வேலை. கழுத்தில் விசில், கையில் அட்டை.

"நாளைக்கு நீங்க வீட்டுக்குள்ளயே இருக்கணும். வெளிய வந்து குழப்பக் கூடாது" என்றார் தங்கையிடம்.

"வெள்ளம் வந்தா ஓடறது நான்தானே? நான் ஒத்திகை பாக்க வேணாமா?"

"உங்களுக்குப் பயிற்சி கிடையாது. உங்க இடத்துல எங்க தட்டச்சர் ஓடுவாங்க. ரெண்டு தடவை ஏற்கெனவே ஓடியிருக்காங்க. ஒரு கோழி மட்டும் கடன் கொடுங்க. கையில கோழியோட ஓடினா பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்."

தங்கை, இருப்பதிலேயே கொத்துகிற கோழியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் அலுவலகம் முழுவதும் அணைக்கு வந்துவிட்டது. பதினோரு வண்டிகள். நிழல் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கரைமேலேயே வரிசையாக நிறுத்தினார்கள். கரையின் நடுவில் கூடாரம், நாற்காலிகள், ஒலிபெருக்கி. கீழே தங்கையின் முற்றத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட இருபத்திரண்டு ஊழியர்கள் பாதிக்கப்படுவதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் கிழவர்களாகவும் ஒருவர் பார்வையற்றவராகவும் நடிக்க வேண்டும். பார்வையற்றவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

பெரிய இன்ஜினியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து நம்ம ஃபைல்ல ஒரு அணை கூட உடைஞ்சதில்ல. வெளியில உடைஞ்சிருக்கலாம். அது வெளியில. பாதுகாப்புன்னா என்ன? எது எப்ப நடக்கும்னு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம நடக்கறதுக்குத்தான் விபத்துன்னு பேரு. விபத்தை நாம அனுமதிக்கறதில்ல. எத்தனையோ பேர் வந்து என் அணை கசியுது, என் அணை கசியுதுங்கறாங்க. நான் அவங்களைக் கேக்கறேன், திட்டம் இருக்கா? திட்டம் இல்லாம கசிஞ்சா எப்படிக் காப்பாத்தறது?"

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது தோட்டத்துக்காரர் கரைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். நேற்றுவரை விரல் தடிமனில் வந்த கசிவு, இப்போது தொடை தடிமனில் வந்துகொண்டிருந்தது. நிறம் சேற்று நிறம். வந்த வேகத்தில் காலடியில் மண்ணைக் குடைந்து கொப்பளித்தது. பதினோரு வண்டிப் பாரம் வேறு மேலே. கூடாரத்துக்கு ஓடினார்.

"சார், அணை போகுது."

பெரிய இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து அஞ்சுதானே ஆகுது. உங்க வசனம் பத்தரைக்கு."

"வசனம் இல்ல சார். நிஜமாவே போகுது. வந்து பாருங்க."

"நடுங்கறார் பாருங்க" என்றார் மதிப்பெண் மேடம், அட்டையில் எழுதிக்கொண்டே. "இயல்புத்தன்மைக்குப் பத்துக்கு ஒன்பது. ஆனா நேரம் தவறினதுக்கு நாலு கழிச்சாகணும்."

"மேடம், உங்க ஆளுங்களே கீழ நிக்கறாங்க. என் தங்கச்சி வீட்டுக்குள்ள இருக்கா."

"நல்லா பண்றீங்க. ஆனா தங்கச்சின்னு சொல்லக் கூடாது, 'கீழ்நிலைக் குடியிருப்பாளர்'னு சொல்லணும்."

தோட்டத்துக்காரர் முறை அலுவலருக்கு ஃபோன் செய்தார். முறை அலுவலர் மூன்றாவது நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எடுத்து, கேட்டு, உதவிப் பொறியாளருக்குச் சொன்னார். உதவிப் பொறியாளர் பிரிவு எழுத்தரின் மேஜைத் தொலைபேசிக்கு அழைத்தார். அது நகரத்து அலுவலகத்தில் மணி அடித்தது. பிரிவு எழுத்தரோ அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குத்தான் அடிக்குது" என்று அவரிடம் சொல்லியும் பார்த்தார்கள். "நான் இங்க இருக்கேன், எப்படி எடுப்பேன்?" என்றார் அவர். அது நியாயமாகத்தான் இருந்தது.

தகவல் அங்கேயே நின்றபோது, கரையில் ஏறி வந்துகொண்டிருந்தாள் தங்கை. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். மதிப்பெண் மேடம் விசிலை ஊதினார்.

"உங்களுக்கு இன்னும் தகவல் வரலையே. தகவல் வராம வெளியேறக் கூடாது. திரும்பிப் போங்க."

"தகவல் என் கொட்டகைக்குள்ளயே வந்துடுச்சு, முழங்கால் அளவுக்கு. நான் வரலைன்னே எழுதிக்கோங்க, ஆனா போக மாட்டேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "இன்னும் யாரைக் கேக்கப் போற?"

அந்தக் கேள்விதான் அவரை உலுக்கியது. இருபது நாளாக அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகுக்கு ஓடினார். அதன் பின்புற இரும்பால் ஓங்கி ஓங்கி அடித்ததில் மூன்றாவது அடிக்கு முத்திரை சிதறியது, ஐந்தாவதுக்குப் பூட்டு விட்டது. திருகை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். மதகு திறந்து வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. "முத்திரை உடைப்பு, திட்டத்தில் இல்லை" என்று மேடம் எழுதிக்கொண்டார்.

அதற்குள் தங்கை பதினோரு வண்டி டிரைவர்களையும் திரட்டிவிட்டாள். திட்டத்தில் டிரைவர்களுக்கு எந்த வேலையும் ஒதுக்கவில்லை. அதனால் அவர்கள் சும்மா இருந்தார்கள், சொன்னதைக் கேட்டார்கள். முதலில் வண்டிகளைக் கரையைவிட்டு இறக்கினார்கள். பிறகு, கொட்டகைத் தரைக்காகத் தங்கை வாங்கிப் போட்டிருந்த மணலையும் ஜல்லியையும் சாக்கில் அள்ளினார்கள்.

"அடைக்காதீங்க" என்று தோட்டத்துக்காரர் மேலேயிருந்து கத்தினார். "அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும். முதல்ல மணல், அது மேல ஜல்லி. தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது."

பாதிக்கப்பட வேண்டியவர்களில் ஆறேழு பேர் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாக்கைத் தூக்கினார்கள். பார்வையற்றவர்தான் முதலில் வந்தார். தட்டச்சர், பாவம், நேரம் ஆகவில்லையே என்று கோழியோடு நின்ற இடத்திலேயே நின்று கொத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

பெரிய இன்ஜினியரின் ஜீப்பை மட்டும் அவர் அனுமதி இல்லாமல் நகர்த்த முடியவில்லை. கரெக்டாகப் பத்தரைக்குக் கரையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, ஜீப்பின் பின்பாதி அதில் இறங்கியது. "நேரம் சரி" என்று மேடம் எழுதினார். ஒலிபெருக்கியில் அணை உடைந்ததாக அறிவித்தார்கள். அதன்பிறகே தட்டச்சர் ஓடினார்.

சாயங்காலம்வரை மாற்றி மாற்றிச் சாக்கு சுமந்தார்கள். அணையில் ஓர் ஆள் உயரத் தண்ணீர் இறங்கியது. ஜல்லிக்கு நடுவே வந்த தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. நாற்பது கோழிகள் போயின, மனிதர் யாருக்கும் ஒன்றும் இல்லை. தங்கை ஜல்லிமேல் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கோழிகளை எண்ணப் போனாள்.

அடுத்த வாரம் தோட்டத்துக்காரரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரிய இன்ஜினியரின் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, மற்றது சிவப்பு.

"முதல்ல வாழ்த்துக்கள்" என்றார் அவர். "எண்பத்தேழு மார்க். துறையிலேயே இதுதான் அதிகம். வெள்ளைத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. நடந்தது ஒத்திகைன்னு அர்த்தம். முத்திரைய உடைச்சது நடிப்புல சேந்துடும், குத்தம் இல்ல. அணை பாதுகாப்பானதுன்னு சான்றிதழ் இன்னிக்கே தந்துடறேன்."

"பழுது பாக்க அனுமதி சார்?"

"பாதுகாப்பான அணைக்கு எதுக்குப் பழுது? சான்றிதழ் வாங்கின அணையில பதிஞ்ச அளவு தண்ணி நிக்கணும். பதினஞ்சு நாள்ல ரொப்பிடுங்க. ஆய்வுக்கு வருவோம்."

தோட்டத்துக்காரர் மற்றத் தாளைக் காட்டினார். "சிவப்புத் தாள் சார்?"

"அது எதுக்கு உங்களுக்கு? அதுல போட்டா நடந்தது நிஜம்னு ஆயிடும். நிஜம்னா முத்திரைய உடைச்சது குத்தம். வழக்கு வரும். பதிவு ரத்து. ரெண்டு வருஷம் ஒரு சொட்டு தேக்கக் கூடாது. ரெண்டு கோடை. தோட்டத்தை யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். நானூறு மரம். ஒவ்வொன்றும் அவரே நட்டது, அவரே கவாத்து செய்தது. இரண்டு கோடையில் பாதிக்கு மேல் பட்டுப்போகும். அப்புறம் கரைமுட்டத் தண்ணீர் நிற்பதையும், அதற்குக் கீழே தங்கை வீட்டில் அடுப்பு எரிவதையும் யோசித்துப் பார்த்தார்.

"பதிவு ரத்தான அணைய நான் வெட்டிப் பழுது பாத்தா?"

பெரிய இன்ஜினியர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. ஓரத்தில் நின்ற பிரிவு எழுத்தர்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பதிவு இல்லன்னா அது அணையே இல்ல சார். மண் மேடு. மண் மேட்டை என்ன பண்ணினாலும் நாங்க கேக்க முடியாது."

தோட்டத்துக்காரர் சிவப்புத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். 'சம்பவத்தின் தன்மை' என்ற இடத்தில், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, பெரிய எழுத்தில் 'நிஜம்' என்று எழுதினார்.

பெரிய இன்ஜினியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை, எழுத்தரும் பார்த்தார்.

"எண்பத்தேழு மார்க் சார்" என்றார். "அணை உடைஞ்சிருந்தாக் கூட எங்களுக்கு இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது."

தோட்டத்துக்காரர் ஊருக்குத் திரும்பி நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கொட்டகையில் சேறு வழித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"நான் குத்தவாளியாம். வழக்கு வரும். ரெண்டு வருஷத்துக்குத் தண்ணி தேக்கக் கூடாதாம்."

அவள் கை நின்றது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த கரையைப் பார்த்தாள், மறுபடி அண்ணனைப் பார்த்தாள். அவர் மரங்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

"பாயை எங்க போட்டேன்னு தேடணும்" என்றாள். "எப்ப எழுந்து ஓடணுமோன்னு ஒரு மாசமா நாற்காலியிலதான் தூங்கறேன்."